கத்துகிறது என்று எழுதிய சீட்டு

எங்கள் காரின் போனட்டைத் திறந்து பார்க்காத ஆண்பிள்ளை பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருந்தானா என்பது சந்தேகம்தான். திறப்பார்கள், இடுப்பில் கைவைத்து எட்டிப் பார்ப்பார்கள், எதையாவது தட்டுவார்கள். பிறகு பின்சீட்டில் சாய்ந்திருக்கும் என் கணவரிடம், "ஒண்ணும் இல்லையாக்கும்" என்று தீர்ப்புச் சொல்வார்கள். ஓட்டுகிறவள் நான். என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அந்தப் பழைய காரை வாங்கியதே அவருக்காகத்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரத்துக்கு இரண்டு முறை திருவனந்தபுரத்துக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் நின்று போகிற உடம்பில்லை. நடுவழியில் வண்டி நின்றுபோனால் இவர் கதி என்ன என்பதுதான் அப்போது என் ஒரே பயம். அந்தப் பயத்துக்குத் தோதாக, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எண்ணெய்க் குப்பி படம் போட்ட சிவப்பு விளக்கு அடிக்கடி எரியத் தொடங்கியது. இஞ்சினுக்குள் ஆயில் ஒழுங்காக ஓடவில்லை என்று சொல்லும் விளக்கு. வேகமெடுத்தால் அணையும், அமரவிளை செக்போஸ்ட் வரிசையில் நின்றால் எரியும். ஆயில் அளவைப் பார்த்தேன், சரியாகவே இருந்தது.

களியக்காவிளையில் ஒரு மதுரைக்காரர் புதிதாக ஒர்க்‌ஷாப் போட்டிருந்தார். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் கணவரின் தம்பியிடம் சாவியையும் ஒரு சீட்டையும் கொடுத்தனுப்பினேன். நீ வாயைத் திறக்காதே, சீட்டைக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னேன். திறந்தால் அவன் சொந்தச் சரக்கும் கூட வரும். மாலையில் வண்டி புதிய ஃபேன் பெல்ட்டோடு திரும்பியது. "மைனி, இனி சத்தமே கேக்காதுன்னு சொன்னாரு" என்றான் கொழுந்தன்.

எந்தச் சத்தம்? மறுநாள் அமரவிளையில் சிவப்பு விளக்கு ஜம்மென்று எரிந்தது. மதுரைக்காரரும் இன்னொரு அரைகுறை என்று முடிவு கட்டினேன்.

"இத நான் சரியாக்கித் தாறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கொழுந்தன் வேட்டியை மடித்துக் கட்டினான். பத்தே நிமிடம். விளக்கு எரியவில்லை. அவனுக்கு டீயும் பழம்பொரியும் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செவ்வாய்க்கிழமை செக்போஸ்டில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. முன்சீட்டில் கொழுந்தன், பின்னால் அவர். இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். வரிசை நகர்ந்ததும் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆவதற்கு முன்னால் எல்லா விளக்கும் ஒரு கணம் எரிய வேண்டும். அந்தச் சிவப்பு மட்டும் எரியவில்லை. கொழுந்தன் பக்கம் திரும்பினேன்.

"எலே, என்ன செஞ்ச?"

"அந்த லைட்டுக்க ஒயர ஊரி எடுத்துட்டேன் மைனி. வெறுதே ஆள மிரட்டுத லைட்டாக்கும் அது."

நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அலறியது. கண்டவனெல்லாம் இறங்கி வந்து போனட்டைத் திறக்கச் சொன்னான். "ஓடுத வண்டிய எதுக்கு நிறுத்துதிய?" என்று கொழுந்தன் குதித்தான். கணவர் வாட்சைப் பார்த்தார். ஓர் ஆட்டோவைப் பிடித்து அவரை ஏற்றி நானும் ஏறினேன். காரைக் கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போகிற பொறுப்பு விஞ்ஞானிக் கொழுந்தனுக்கு. முக்கால் மணி நேரம் தாமதமாக ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அவர் கையை நான் விடவில்லை.

சனிக்கிழமை நானும் அவரும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். ஆயிலை உறிஞ்சும் வலை முழுக்கக் கறுப்புக் கசடு. "இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா இஞ்சினே இறுகிப்போயிருக்கும் டீச்சரம்மா. நீங்க நிறுத்துனது நல்லதாப் போச்சு" என்றார் மதுரைக்காரர். முதல்முறையாக ஓர் ஆண் அந்த வண்டியைப் பற்றி என்னிடம் பேசினார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

"அப்போ அன்னைக்கே இதைப் பாக்காம பெல்ட்டை எதுக்கு மாத்தினீங்க?" என்று பிடித்துக்கொண்டேன்.

அவர் மேஜையிலிருந்து கறை படிந்த என் சீட்டை எடுத்து நீட்டினார். "நீங்க எழுதுனதுக்குத்தாம்மா வேலை பாத்தேன்."

'ஆயில் அளவு சரி. மெதுவாகப் போனால் கத்துகிறது. வேகமாகப் போனால் கத்துவதில்லை.'

எங்கள் பக்கம் விளக்கு எரியாது, கத்தும். மலையாளத்தில் கத்துவது என்றால் எரிவது, அங்கிருந்து வந்து எங்கள் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். மதுரைக்காரர் கத்தல் என்றால் பெல்ட் போடும் சத்தம் என்றுதானே நினைப்பார்? நானோ தமிழ் டீச்சர். விளக்கு கத்துகிறது என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் பதினோரு வருடமாகச் சிவப்பு மையில் வட்டம் போட்டு மார்க்கைக் குறைத்தவள்.

கணவர் சீட்டை வாங்கிப் படித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் கையில் வைத்தார்.

"இந்தாரும் டீச்சரே, வட்டம் போடும்."