மெக்சிகோவில் எனக்கு வைத்த பூ

மகள் மெக்சிகோவின் பழைய நகரங்களை ஆறுதலாகப் பார்க்கப் போயிருந்தாள். ஒரு நகரத்தில் சில வாரம் தங்குவாள், சந்தைக்குப் போவாள், சமைக்கப் பழகுவாள், பிறகு பஸ் ஏறி அடுத்த நகரம். எனக்குப் பஸ் என்றாலே நெஞ்சு படபடக்கும். போன வருடம் என் அண்ணா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களைப் பார்க்க வரும் வழியில் பஸ்ஸிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அதனால் அன்று அவளைத் திரும்பி வரச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வீடியோ அழைப்பை எடுத்தேன்.

கட்டுகஸ்தோட்டையில் எங்களுக்குக் காலை. ஒஹாக்காவில் அவளுக்கு இரவு தொடங்கியிருந்தது. அங்கே இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாட்களாம். அவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா மேசை நிறையச் செம்மஞ்சள் பூக்களைக் குவித்து, மெழுகுதிரி ஏற்றி, படங்களை வைத்திருந்தார். நடுப்படத்தில் நான் நின்றேன்.

எங்கள் வீடுகளில் படத்துக்குப் பூவும் விளக்கும் வைப்பது ஆள் போன பிறகுதான். பக்கத்துக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

“என்ன பிள்ளை, என்னையும் அனுப்பிப்போட்டியா?”

“ஐயோ அம்மா, அது மாமாவுக்கு வச்சது. போனில இருந்த நல்ல படம் அதொண்டுதான். பக்கத்தில நீங்கள் நிண்டிட்டீங்கள்.”

என் கணவர் எட்டிப் பார்த்தார். “வடிவா இருக்கே. எனக்கொண்டு வைக்கேல்லையோ?”

விஷயம் தெரிந்ததும் வீட்டுக்கார அம்மா கத்தரிக்கோலோடு வந்தார்.

“வெட்டவேண்டாம் எண்டு சொல்லு,” என்றேன். அண்ணாவை என்னிடமிருந்து வெட்ட மனம் வரவில்லை. படத்தை மடித்து என்னைப் பின்பக்கம் அனுப்பினார்கள்.

போனவருக்குப் பிடித்ததையெல்லாம் மேசையில் வைக்கவேண்டுமாம். மாமாவுக்கு என்ன பிடிக்கும் என்று மகள் கேட்டாள்.

“மீன் வச்ச மாலு பணிஸ். பிறகு, நல்லாச் சீனி போட்ட தேத்தண்ணி.”

“மாமாவுக்குச் சலரோகமெல்லோ?”

“இனி ஏறாது, போடு.”

அவள் ஒரு சாராயப் போத்தலைத் தூக்கிக் காட்டினாள். “இதுவும் வைக்கட்டாம். மாமா குடிக்கிறவரே?”

“இல்லை,” என்றேன். “ஓம்,” என்றார் கணவர் அதே மூச்சில்.

அண்ணா போனதிலிருந்து நான் அப்படிச் சிரித்ததில்லை. சிரிப்பு நிற்கவேயில்லை. ஒன்றும் விளங்காமலே அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

“நாளைக்குப் புவெப்லாவுக்குப் பஸ் எடுக்கப்போறன் அம்மா,” என்றாள் மகள், என் முகத்தைப் பார்த்தபடி.

“போ,” என்றேன். அது என் வாயிலிருந்துதான் வந்தது. “பஸ் நிக்கிற ஒவ்வொரு தரிப்பிலயும் எனக்குப் போன் எடு.”

“அப்ப உங்களுக்கு நடுச்சாமமாயிருக்கும்.”

“நான் நித்திரை கொண்டாத்தானே.”