பொட்டு நேராகத்தான் இருந்தது

அன்று காலையில் என் பொட்டு கோணலாகத் தெரிந்தது. உரித்து மறுபடி ஒட்டினேன். அப்போதும் கோணல். இன்னொரு தடவை ஒட்டிவிட்டு, பிழை கண்ணாடியில்தான் என்று முடிவுகட்டி, அதை ஆணியில் கொஞ்சம் திருப்பி மாட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த என் மகள் யாழினி பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"அம்மா, பொட்டு நேராத்தான் இருக்கு. உங்கட முகந்தான் ஒரு பக்கமாப் போயிருக்கு."

நான் அவளை ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். வாயின் வலது பக்கம் மட்டுந்தான் திறந்தது.

குடித்த தேநீர் இடது கடைவாயால் வழிந்து சட்டையை நனைத்தது. இடது கண்ணை மூடச் சொன்னால் அது மூடாமல் என்னையே பார்த்தது. காதுக்குப் பின்னால் முதல் நாள் இருந்த வலியை, பஸ்ஸில் யன்னலோரம் இருந்ததால் வந்தது என்று நினைத்து எண்ணெய் தடவிவிட்டுப் படுத்திருந்தேன். என் கணவர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். நான் பொறுங்கள் என்று சொல்லி, தலையை வாரி, சாறியை மடிப்புக் கலையாமல் உடுத்து, பவுடர் போட்டுக்கொண்டுதான் புறப்பட்டேன். கோணிய முகத்துக்கும் பவுடர். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அது எனக்கு மூச்சு விடுவது போன்ற பழக்கம்.

இதே நோய் வந்து கண்ணாடிக்கு முன்னால் திகைத்து நிற்கிற ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒரு நல்ல செய்தி சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு இது மாறிவிடும். இரண்டாவது, எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஒரு இளம் பெண் வைத்தியர். என் கைகால்களை அசைக்கச் சொன்னார். பல்லைக் காட்டச் சொன்னார். கடைசியாக நெற்றியைச் சுருக்கச் சொன்னார். நெற்றியின் வலது பாதி சுருங்கியது. இடது பாதி இஸ்திரி போட்ட துணிபோல அப்படியே இருந்தது. அதைப் பார்த்து அவர் முகம் தெளிந்தது.

இது பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) இல்லை என்று விளக்கினார். அதில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடுமாம். எனக்கு வந்தது முகவாதம் (முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்குப் பின்னால் வீங்கி வேலை செய்யாமல் போவது). வீக்கத்தைக் குறைக்க ஸ்டீரொயிட் குளிசை தந்தார். மூடாத கண் காய்ந்து புண்ணாகாமல் இருக்கச் சொட்டு மருந்தும், படுக்கும்போது இமையை மூடி ஒட்ட ஒரு மெல்லிய ரேப்பும் (ஒட்டும் நாடா) தந்தார். நெற்றிச் சோதனையை வீட்டிலேயே செய்து நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். அது அவர்கள் படித்த படிப்பு.

"எப்ப மாறும் டொக்டர்?" என்று கேட்டேன்.

"சில கிழமையில வரத் தொடங்கும். சில பேருக்கு மாசக்கணக்கும் எடுக்கும்" என்றவர், என் சாறி மடிப்பைப் பார்த்துச் சிரித்தார். "இவ்வளவு வடிவா வெளிக்கிட்டு இந்த வாட்டுக்கு ஒருத்தரும் வாறயில்ல அக்கா."

நான் அழகி இல்லை. ஆனால் அலங்கரித்து வெளிக்கிடத் தெரிந்தவள். அதுதான் என் பிழைப்பும். பெரியகல்லாற்றிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு பஸ்ஸில் போய் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். முன் மேசையில் நின்று, புதுச் சாறியைப் பிரித்து என் தோளில் போட்டு, நீள்கண்ணாடிக்கு முன்னால் ஒரு திரும்பு திரும்பி, சிரிக்க வேண்டும். வாங்க வந்த பெண் என் தோளில் தன்னைப் பார்ப்பாள். சாறி பாதி விற்கும், சிரிப்பு மீதியை விற்கும் என்று முதலாளியே சொல்லுவார். அதற்காக நான் பட்ட பாட்டை ஆண்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். புருவம் எடுப்பது, நரைக்கு மை, வெயிலில் கறுக்காமல் குடை, வெடித்த குதிக்காலுக்குப் பூச்சு, சட்டைக்கு ஊசி. விடியமுன் எழும்பி இத்தனையும் முடித்து, கூடவே சோறும் கறியும் சமைத்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடும்போது வியர்த்து எல்லாம் கரைந்துவிடும். கடைக்குப் போய் மறுபடி தொடங்க வேண்டும்.

அப்படிப்பட்ட முகம் பாதியில் நின்றுவிட்டது. லீவு முடிந்து முகக்கவசத்தோடு கடைக்குப் போனேன். முதலாளி ஏறாவூர்க்காரர், நல்ல மனிதர். என்னைக் கண்டதும் கதிரை போடச் சொன்னார். பிறகு மெதுவாக, சுகம் வரும்வரைக்கும் உள் அறையில் இருந்து சாறிகளுக்கு விலைத்துண்டு குத்தச் சொன்னார். அவர் இரக்கத்தில்தான் சொன்னார். எனக்கோ அழுகை வந்தது. அழுவதற்கும் ஒரு பக்கந்தான் ஒத்துழைத்தது. அந்த அறையில் யன்னல் இல்லை. முன்னால் யாரோ என் சாறிகளைத் தோளில் போட்டுச் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். திரும்ப முன் மேசைக்குப் போவேனா என்பதைத் தவிர வேறொரு நினைப்பும் அந்த நாட்களில் எனக்கு இருக்கவில்லை.

வீட்டில் மட்டுந்தான் கவசத்தைக் கழற்றுவேன். முற்றத்துக்கு வந்தால்கூட சாறித் தலைப்பால் வாயை மூடிக்கொள்வேன். பக்கத்து வீட்டு மலர் மச்சாளிடமும் பேச்சைக் குறைத்தேன். படுக்கப் போகும்போது என் கணவர் கண்ணுக்கு ரேப் ஒட்டுவார். அவர் வள்ளங்களின் இன்ஜின் திருத்துகிறவர், முரட்டுக் கை. ஆனால் இமை மயிர் ஒன்றும் நோகாமல் ஒட்டுவார். கலியாணமாகி இத்தனை காலத்தில் நான் புருவம் எடுத்ததை ஒருநாளும் கண்டுபிடிக்காத மனிதர், இப்போது இன்ஜின் பார்க்கிற மாதிரிப் பக்கத்தில் குனிந்து, இன்றைக்கு இடது புருவம் ஒரு நூல் அசைந்தது என்று அறிக்கை வாசித்தார். நோய் வந்ததில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோசம் அது.

ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவர் (உடற்பயிற்சியால் தசையைப் பழக்குபவர்) சில பயிற்சிகள் சொல்லித் தந்தார். உதட்டைக் குவி, கன்னத்தை ஊது, உ சொல், ஈ சொல். எல்லாம் மெல்ல மெல்ல, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. கண்ணாடி பார்க்கத்தான் எனக்கு மனம் வரவில்லை. உதடு குவித்து ஊதிக்கொண்டிருந்தபோது ஒருநாள் தோன்றியது, இது குரவையின் தொடக்கம் அல்லவா என்று. எங்கள் பக்கத்தில் கலியாணம், கோயில் சடங்கு, பெண்பிள்ளை பெரியபிள்ளையாவது (பூப்படைவது), எந்த நல்லதும் குரவை இல்லாமல் நடக்காது. பெண்கள் உதட்டைக் குவித்து, நாக்கைச் சுழற்றி எழுப்பும் மங்கல ஒலி. நான் ஊரில் நன்றாகக் குரவை போடுகிறவள் என்று பெயர் எடுத்தவள். இயன்மருத்துவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தசையை வருத்தாமல் மெதுவாகப் போட்டால் பிழையில்லை என்றார்.

குசினிக்குள் நின்று போட்டுப் பார்த்தேன். சைக்கிள் டயருக்குக் காற்றுப் போகிற சத்தந்தான் வந்தது. பல நாளாக அதே சத்தம். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில், தேங்காய் துருவிக்கொண்டே சும்மா உதட்டைக் குவித்தேன். வந்துவிட்டது. சின்னதுதான், ஆனால் அசல் குரவை. எனக்கு நிலைகொள்ளவில்லை. மெதுவாக என்று சொன்னதை மறந்து, அடுத்தடுத்து நாலைந்து போட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மலர் மச்சாள் மஞ்சள் அரைத்த கையோடு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துவாயோடு வந்த யாழினியைச் சுற்றிக்கொண்டார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. வீட்டில் குரவைச் சத்தம், பிள்ளை தலை முழுகி நிற்கிறாள். வேறென்ன வேண்டும்? ஒருத்தி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். இன்னொருத்தி அவளை வெயிலில் நிற்க விடாமல் உள்ளே இழுத்தாள்.

யாழினிக்கு வந்த கோபத்தை எழுத முடியாது.

"எனக்கு ஒண்டும் ஆகல்ல மாமி. அம்மாதான் முகத்துக்கு எக்சசைஸ் செய்யிறா."

எல்லாரும் ஒரேயடியாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கையில் தேங்காய்ப் பாதி. கவசமும் இல்லை, தலைப்பும் இல்லை. நோய் வந்த பிறகு என் முழு முகத்தை அவர்கள் கண்டது அப்போதுதான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இங்கால திரும்புகா" என்றாள் மலர் மச்சாள். திரும்பினேன். அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "இதுதானா? இதுக்கா மூடிக்கொண்டு திரிஞ்ச நீ? புருசன் அடிச்சுப்போட்டான், காயத்தை மறைக்கிறாள் எண்டெல்லோ நாங்க கதைச்ச. அந்த மனுசனோட ஒரு கிழமையா நான் முகம் குடுத்துக் கதைக்கல்ல."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. ஒரு பூச்சியை அடிக்கக்கூட யோசிக்கிற என் மனிதர், ஊருக்குள் பெண்சாதியை அடிக்கிறவனாகத் திரிந்திருக்கிறார். என் அழகைக் காப்பாற்றப் போய் அவருடைய மானத்தைக் கப்பலேற்றிவிட்டேன். கோணல் வாயைத் திறந்து, மறைக்காமல், கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். பிறகு எனக்குக் குரவை சொல்லித் தருகிறோம் என்று நாலு பேரும் குசினிக்குள்ளேயே போட்டார்கள். அந்தச் சத்தத்தில் அடுத்த ஒழுங்கையிலிருந்தும் ஆள் வந்தது.

இதற்கிடையில் மலர் மச்சாள், வரும் வழியிலேயே கதிரவெளியில் இருக்கிற என் அக்காவுக்குப் போன் அடித்து, யாழினி பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று சொல்லிவிட்டாள். அக்கா பின்னேரமே, அந்த நேரத்தில் பிள்ளைக்குக் கொடுக்கிற முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். விசயத்தைச் சொன்னோம். கொண்டு வந்ததைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது, யாராவது ஒருத்தி சாப்பிட்டே ஆகவேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். யாழினி அறைக் கதவைப் பூட்டிக்கொண்டாள். நான்தான் சாப்பிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை கவசம் போடாமல் பஸ் ஏறினேன். முதலாளியிடம் நேரே போய், முன் மேசை வேண்டும் என்று கேட்டேன். அவர் தயங்கினார். கலியாணச் சாறி வாங்க வருகிற சனம் சகுனம் பார்க்கும் என்றார். எங்கள் கடையில் சேர்ட் பகுதியில் நிற்கிற அண்ணனுக்கு முன்பல் இரண்டும் இல்லை. எத்தனையோ வருசமாக அந்த வாயோடுதான் சிரித்து விற்கிறார்.

"அந்த அண்ணன உள் அறைக்குப் போகச் சொல்லுங்க முதலாளி, நான் பேசாம இருக்கிறன்" என்றேன்.

முதலாளி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஒன்றும் அறியாமல் சிரித்தார். முதலாளியும் சிரித்துவிட்டார். "போங்க, போய் நில்லுங்க" என்றார்.

மாதங்கள் போக முகம் நேராகி வந்தது. தேநீர் வழியவில்லை. கண் மூடியது. ஆனால் ஒரு புது விசயம் சேர்ந்தது. சிரித்தால் இடது கண் தானாக ஒருதரம் மூடித் திறந்தது. முதலில் அதைக் கண்டுகொண்டவர் பஸ் கொண்டக்டர். மீதிக் காசைத் தந்தவருக்கு ஒரு மரியாதைக்குச் சிரித்தேன். பாவம், அவர் வெலவெலத்துப் பின்கதவுப் பக்கம் போய்விட்டார்.

வைத்தியரிடம் சொன்னபோது, இதற்கு இணை அசைவு என்று பெயர் சொன்னார் (நரம்பு திரும்ப வளரும்போது வாய்க்குப் போகவேண்டிய இழையில் கொஞ்சம் கண்ணுக்கும் போய்விடுவது). தொந்தரவாக இருந்தால் குறைக்க வழி இருக்கிறது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன்.

அந்தக் கிழமையில்தான் ஒரு தாயும் மகளும் கூறைச் சாறி எடுக்க வந்தார்கள். மகள் நல்ல கறுப்பு, வடிவான பிள்ளை. தாய் வெளிர் நிறமாகவே பொறுக்கினாள். "புள்ள கறுப்பு, அடர் நிறம் போட்டா இன்னும் கறுப்பாத் தெரியும்" என்று பிள்ளைக்கு முன்னாலேயே எனக்கு விளக்கினாள். பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுடைய கண் மட்டும் தட்டில் இருந்த கருஞ்சிவப்புக் கூறையில் நின்றது. எனக்கு அவளைத் தெரியும். அந்த வயதில் நானும் அப்படித்தான் தலையாட்டினேன்.

கேட்காமலே அந்தக் கருஞ்சிவப்பை எடுத்துத் தோளில் போட்டேன். கண்ணாடிக்கு முன்னால் திரும்பி, கண்ணாடிக்குள் தெரிந்த அவளைப் பார்த்துச் சிரித்தேன். இடது கண் தன் பாட்டில் மூடித் திறந்தது.

பிள்ளை திகைத்தாள். தாயை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்து, அவளும் எனக்கு ஒரு கண்ணை அடித்தாள்.

"அம்மா, எனக்கு இதுதான் வேணும்" என்றாள். தாய் என்னவோ சொல்லத் தொடங்கினாள். "இல்லம்மா. இதுதான்."

பார்சலை வாங்கும்போது அவள் குனிந்து, நீங்கள் கண்ணைக் காட்டியதால்தான் தைரியம் வந்தது அக்கா என்று என் காதுக்குள் சொன்னாள். அது நான் இல்லை, நரம்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓம் என்றேன்.

இப்போது காலையில் நான் பிந்தித்தான் எழும்புகிறேன். பொட்டு வைக்கிறேன், மை பூசுகிறேன், சாறி மடிப்பு இன்னும் கத்திபோலத்தான். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் என்னைத் திருத்திக்கொண்டு நிற்கிற நேரம் எங்கோ குறைந்து, யாழினியோடு தேநீர் குடிக்கிற நேரமாக மாறியிருக்கிறது. முகம் முன்பெல்லாம் நான் சொன்னதைச் செய்தது. இப்போது சில வேளை தானாகவும் ஏதாவது செய்கிறது. அடுத்த கிளினிக்கில் வைத்தியர் மறுபடி கேட்டார், அந்தக் கண்ணை என்ன செய்வோம் என்று.

"அது வேலைக்குப் போகுது டொக்டர், விடுங்க" என்றேன்.