ஜரிகை போட்ட வயிற்றுக்கட்டு

பிள்ளையார்பாளையத்தில் வடிவாம்பாளைப் போல வாயாடி வேறு யாரும் கிடையாது. தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிற புருஷனோடு அடுப்பங்கரையிலிருந்தே சண்டை போடுவாள், தறிச் சத்தத்தையும் மீறி அது தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்டவள் அந்த வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாள் என்றால் சும்மாவா?

விஷயம் வயிற்றில் இருந்தது. கர்ப்பப்பையில் கட்டி என்று ஆடி மாசம் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பையோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, கெட்ட கட்டி இல்லை. ஆனால் ஊரில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. "அக்கா வூட்டுக்குத் திருத்தணி போயிருக்குறா" என்று புருஷன் மயில்வாகனம் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்தார். மகள் ஏலவார்குழலிக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா மணியம்மாள் பெண் பார்க்க வந்தபோது காபியைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்ட கேள்வி, "உங்க குடும்பத்துல சீக்கு கீக்கு ஏதாச்சும் உண்டாம்மா?" என்பதுதான். போன வருஷம் அடுத்த தெருவில் பெண்ணின் தாயாருக்குக் கட்டி என்று தெரிந்து, தட்டு மாற்றிய சம்பந்தமே முறிந்து போனது. அதை நினைத்தால் வடிவுக்குச் சோறு இறங்காது. தன் வயிறு எக்கேடு கெட்டாலும் மகள் கழுத்தில் தாலி ஏற வேண்டும்.

தையல் ஆறியது. ஆனால் அதற்கு அடியில் நீர் கோத்துக்கொண்டது. ஊர் டாக்டரம்மா பெரிய ஊசியைக் குத்தி உறிஞ்சினால் வெல்லத் தண்ணி மாதிரி வரும், வயிறு வற்றும். அடுத்த வாரமே மறுபடி குடமாக வந்து நிற்கும். நடந்தால் களக் களக் என்று வேறு சத்தம்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. அகலமான துணியா எடுத்து இறுக்கிக் கட்டிக்கிட்டே இருங்க. உள்ள சதை ஒட்டிக்கிச்சுன்னா நீர் நின்னுடும்" என்றார் டாக்டரம்மா.

"கடைத் துணிய வாங்கியாந்து என் பொஞ்சாதி வயித்துல கட்டறதா?" என்று மயில்வாகனத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. தறியில் மிச்சம் இருந்த பட்டுப் பாவு நூலில் தாமே ஒரு கட்டு நெய்தார். வெறுமனே நெய்யக் கை வருமா அந்த மனுஷனுக்கு? இரண்டு பக்கமும் ருத்திராட்சக் கரை, முனையில் ஜரிகை மாங்காய். டாக்டரம்மா அதைப் பார்த்ததும் வயிற்றையே மறந்துவிட்டார். "இதே கரையில எனக்கு ஒரு பொடவ கெடைக்குமா?" என்று கேட்டு, மடக்கி மடக்கிப் பார்த்தார். இவ்வளவு ஜோராகக் கட்டியும் நீர் ஏன் நிற்கவில்லை என்று மட்டும் ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள், முகூர்த்தப் புடவை தறியில் எந்த மட்டும் வந்திருக்கிறது என்று பார்க்க மணியம்மாள் வந்து நின்றாள். வடிவு முறத்தை எடுத்து வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். உட்காரச் சொல்லிப் பாய் விரிக்கப் போனவள் பழக்க தோஷத்தில் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

மணியம்மாள் வாயில் கை வைத்தாள். "அடி ஆத்தே! எத்தினி மாசம்மா?"

வடிவு குனிந்து மறுபடி முறத்தை எடுத்தாள். தறிக்குழியிலிருந்து மயில்வாகனம் தலையை நீட்டி, "அஞ்சுங்க" என்று சொல்லித் தொலைத்தார்.

"எதிர்ச் செவுத்துல குடும்பக் கட்டுப்பாட்டுச் செவப்பு முக்கோணம் எம்மாம் பெருசா எழுதி வச்சிருக்குது! குழியில குந்திக்கினு இருந்தா கண்ணுக்குத் தெரியலயா சம்பந்தி?" என்று மணியம்மாள் சிரித்த சிரிப்பில் தறியில் ஓடுகிற நாடாவே நின்றுபோனது.

அவள் தெருவைத் தாண்டியதும் வடிவுக்கு வாய் திரும்பி வந்தது. "இன்னா மனுஷன் நீங்க? புரட்டாசியில அஞ்சுன்னா தையில ஒம்போது! மணமேடையிலயே எனக்கு வலி வரணுமா? அப்பறம் புள்ளைக்கு எங்க போவீங்க? அதையும் தறியில நெய்ஞ்சு குடுப்பீங்களா?"

"சீக்குன்னு சொன்னா கல்யாணம் நிக்குமே வடிவு" என்றார் அவர் பாவமாக.

அப்புறம் மணியம்மாள் வீட்டிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய், மாவடு என்று வரிசையாக வந்து இறங்கியது. "இந்த வூட்டுல வளைகாப்பு மொதல்ல உனக்கா, எனக்கா?" என்று குழலி தலையில் அடித்துக்கொண்டாள். நீரை எடுக்கப் போனால் வயிறு வற்றுகிறது, எடுக்காவிட்டால் வலிக்கிறது. வற்றிய நாளெல்லாம் வடிவு கழிவு நூலை மூட்டையாகச் சுருட்டிக் கட்டுக்குள் செருகிக்கொண்டு நடமாடினாள். இப்படியும் ஒரு பிழைப்பு!

ஐப்பசியில், நீரை எடுத்துவிட்டுத் திரும்பிய அன்றைக்கே மணியம்மாள் கண்ணாடி வளையல்களோடு வந்துவிட்டாள். "தையில கல்யாண வேலையே சரியா இருக்கும். இன்னிக்கே ரெண்டு வளையல் போட்டுடறேன், கையக் குடுங்க." வடிவு உள்ளே ஓடி மூட்டையைச் செருகி, கட்டை இறுக்கி முடிந்துகொண்டு வந்து கையை நீட்டினாள். முதல் வளையல் ஏறும்போதே இடுப்பில் முடிச்சு தானாக நெகிழ்ந்தது. கட்டு ஜரிகை பளபளக்க வழுக்கிக் கீழே இறங்கியது. கூடவே மூட்டை பொத்தென்று மணியம்மாளின் கால்மாட்டில் விழுந்து உருண்டு, நூல் நூலாகப் பிரிந்தது.

"ஏகாம்பரநாதா!" என்று அலறினாள் மணியம்மாள்.

வடிவு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "புள்ளயும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. கட்டின்னு கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்க. இப்ப நீர் கோத்துக்கினு உசுர வாங்குது. கெட்ட கட்டி இல்லம்மா, என் பொண்ணுக்கு ஒண்ணும் வராது. கல்யாணத்த மட்டும் நிறுத்திடாதீங்க."

மணியம்மாள் போய்க் கதவைத் தாழ் போட்டாள். திரும்பி வந்து தன் கொசுவத்தைத் தளர்த்திக் காட்டினாள். தொப்புளுக்குக் கீழே நெடுக ஒரு பழைய தழும்பு.

"எனக்கும் எடுத்தாச்சு. எங்க மாமியாருக்கே தெரியாது, திருப்பதி போய் வந்ததா சொல்லி வச்சிருக்குறேன்."

வடிவுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. "அப்ப பொண்ணு பாக்க வந்தப்ப சீக்கு கீக்கு உண்டான்னு எந்த வாயால கேட்டீங்க?"

"நான் கேக்கலன்னா நீங்க கேட்டுடுவீங்கன்னுதான்" என்றாள் மணியம்மாள்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. சிரிப்பு ஓய்ந்ததும் மணியம்மாள் கீழே கிடந்த கட்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"பட்டு! பட்டுல முடிச்சு நிக்குமா? கட்டக் கட்ட நெகிழ்ந்துக்கினே இருந்தா நீர் எப்பிடி நிக்கும்? யார் புத்தி இது?"

சிரிப்புச் சத்தம் கேட்டுத் தறிக்குழியிலிருந்து எட்டிப் பார்த்த மயில்வாகனத்தின் தலை மெல்லக் கீழே இறங்கி மறைந்தது. மணியம்மாள் கொடியில் கிடந்த பழைய நூல் புடவையை நீளமாகக் கிழித்தாள். வடிவைத் திருப்பி நிறுத்தி, முதுகில் முழங்காலை ஊன்றி, பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுவதுபோல இழுத்து இழுத்துச் சுற்றினாள். வடிவு ஐயோ அம்மா என்று கத்தினாள். "கத்தாதீங்க, எனக்கும் இதேதான் கோத்துக்கிச்சு. கட்ட ஒரு நாதி இல்லாம நானே கட்டிக்கினேன்" என்றாள் மணியம்மாள். அதன் பிறகு வடிவு கத்தவில்லை.

தினம் காலையில் மணியம்மாள் வந்து கட்டிவிட்டுப் போனாள். கார்த்திகை தீபத்துக்குள் நீர் நின்றது. "இன்னாச்சு, வடிவு மாசமா இருந்தாளே?" என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், "வாயு. வெறும் வாயு" என்று மணியம்மாளே பதிலும் சொன்னாள்.

கல்யாணத்தன்று மணமக்கள் காலில் விழுந்தபோது ஆசீர்வதிக்கக் குனிந்த மணியம்மாளின் இடுப்பில் அந்தப் பட்டுக் கட்டின் ருத்திராட்சக் கரை எட்டிப் பார்த்தது. "எனக்குத்தான் எப்பவோ நீர் நின்னுப்போச்சே, வழுக்கினா வழுக்கட்டும்" என்று காலையில் வடிவிடம் அடம்பிடித்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். எந்தக் கடையில் எடுத்தது என்று பின்னாலிருந்து அவளுடைய மாமியார்க்காரி கேட்டாள்.

"திருப்பதியில" என்றாள் வடிவு. மணியம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.