பசியாறிட்டீங்களா?

சுங்குவார்சத்திரத்தில் வந்திறங்கிய முதல் காலை, டீக்கடையில் "தே ஓ ஒன்னு" என்று கேட்டேன். "இன்னாது?" என்றார் கடைக்காரர். பால் சேர்க்காத டீ என்று விளக்கினேன். "பால் இல்லாமலா? ஒடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்று கவலைப்பட்டு, இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தார். மலேசியாவில் எங்கள் ஈப்போ ஊர்க் கடைகளில் எல்லோரும் குடிக்கிற பானம் இங்கே நோயாளிக்கு உரியதாகிவிட்டது. சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. தமிழ் தெரிந்தவள் என்பதற்காகத்தானே எங்கள் சபை என்னை இங்கே ஊழியத்துக்கு அனுப்பியிருந்தது!

அது 1991, தை மாதம். வல்லக்கோட்டை பஸ்ஸில் முருகன் கோயிலுக்குப் போகும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுப்பார்கள். மலேசியா என்றதும், "நம்ம தமிழ எங்கம்மா கத்துகினே?" என்பார்கள். "எங்கம்மாவிடம்தான்" என்றால் நம்ப மாட்டார்கள். எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் 'தாய்நாடு' என்றால் எது என்று நாங்கள் சண்டை போட்டது ஞாபகம் வரும். இங்கே அந்தச் சண்டையை யாரிடம் போடுவது என்று தெரியவில்லை.

வல்லத்தில் கன்னியம்மாள் என்ற அக்கா, பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தன் வீட்டு முன்னறையைத் தந்திருந்தார். வேறு எந்த வீடும் திறக்கவில்லை. இந்த வகுப்பும் நின்றால் ஈஸ்டருக்குள் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவதாக, நான் தங்கியிருந்த வீட்டுப் பாஸ்டர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். எனக்கோ இந்த ஊர் பிடித்துப்போயிருந்தது.

ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் போனபோது கன்னியம்மாளும் அவர் கணவர் ஏழுமலையும் வாசலில் நின்றிருந்தார்கள். ஏழுமலை நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "பசியாறிட்டீங்களா?" என்று வாய் நிறையக் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா, எங்க வூட்ல ஒல வெக்காம பட்டினி கெடக்கறோம்னு எவன் சொன்னான்? பால் பவுடர் குடுத்து ஆள் சேக்கத்தான் பாடம் சொல்லிக் குடுக்கறியா?"

கன்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே வராதம்மா" என்றார்.

நான் தங்கியிருந்த வீட்டில் பாஸ்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "மிஷன்காரி வாய்ல அந்த வார்த்தயா! கோதுமைக்குத்தான் வேதத்துல சேந்தீங்கன்னு இன்னிக்கும் எங்களக் குத்திக் காட்டறாங்க. 'நாஸ்தா ஆச்சா'ன்னு கேக்க வேண்டியதுதான?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அது எங்கள் அம்மாவின் வார்த்தை; காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதுதான் அதற்கு அர்த்தம். வெறும் வயிற்றோடு இருட்டில் ரப்பர் பால் வெட்டப் போய்த் திரும்புகிறவர்களை, தொழிலாளர் லயத்து வாசலில் நின்று அம்மா அப்படித்தான் கேட்பார். தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பசி என்பதால் அதில் யாருக்கும் வெட்கமில்லை. இங்கே அதையே பைபிள் பையோடு நிற்கும் ஒருத்தி கேட்டால் வேறு அர்த்தம். இது புரிந்தபோது ஆத்திரம் போய், ஒரே சொல் கடல் தாண்டி இப்படி மாறுமா என்ற வியப்புத்தான் மிஞ்சியது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். பயத்தில் காலையில் ஒரு வாய்கூட இறங்கவில்லை. கன்னியம்மாள் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து கருவாட்டுக் குழம்பு மணத்தது. ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா, பசிக்குது. சாப்பிட ஏதாவது கீதா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வழி விட்டார். பழைய சோறும் குழம்பும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்த ஏழுமலை, கையில் டிபன் டப்பாவோடு அப்படியே நின்றுவிட்டார். "குடுக்க வந்த ஆளு வாங்கித் துன்னுது பாரு" என்று சிரித்தார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கன்னியம்மாள் பிடித்துக்கொண்டார்.

"விருந்தாளி தட்டு கழுவக்கூடாதும்மா."

"எங்கள் வீட்டில் அவரவர் தட்டை அவரவர்தான் கழுவுவோம், அக்கா."

"வுடுமே, கழுவட்டும்" என்றார் ஏழுமலை. "சாயங்காலம் பாடம் சொல்ல வரப்போற பொண்ணு இன்னா விருந்தாளி?"

"அது சாயங்காலம். இப்ப விருந்தாளிதான்."

தட்டின் ஒரு விளிம்பைக் கன்னியம்மாள் பிடித்திருந்தார், மறு விளிம்பை நான் பிடித்திருந்தேன். இரண்டு பேருமே விடவில்லை.