முள்ளு நிக்கட்டும், தம்பி

செய்தி பசறை பஸ்ஸில் வந்தது. நான் கடையைத் திறந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கண்டக்டர் மிதிபலகையில் நின்றபடியே, "டெய்லரண்ணே, தராசு அக்கா போயிட்டாங்களாம்!" என்று கத்திவிட்டுப் போனார். பசறையில் மகள் வீட்டுக்குப் போயிருந்த அக்கா, தூக்கத்திலேயே கண்ணை மூடிவிட்டார். அவசரம் என்றால் என்னவென்றே அறியாத மனுஷி, இதில் மட்டும் யாரையும் காக்க வைக்கவில்லை.

தெய்வானை அக்கா என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது, தராசு அக்கா என்றால்தான் தெரியும். பதுளை பஜாரில் என் தையல் கடைக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடை அவருடையது. சம்பள வாரத்தில் தேயிலைத் தோட்டத்துச் சனம் முண்டியடிக்கும். பஸ் ஹோர்ன் அடிக்கும். அக்கா தராசுத் தட்டில் பருப்பைக் கொட்டி, கையை எடுத்துவிட்டு, நடுமுள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். அது நிற்கும்வரை யாருக்கும் பதில் கிடையாது.

"பஸ்ஸு போயிரும் அக்கா."

"பஸ்ஸு போனா இன்னொண்ணு வரும். முள்ளு நிக்கட்டும்."

அக்காவிடம் பருப்பு வாங்கப் போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும் என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார், முள் நின்ற பிறகு.

அந்தப் பழக்கம் எங்கே பிறந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். அக்காவின் வீட்டுக்காரர் திடீரென இறந்துபோனார். கருமாதி முடிந்த மறுநாள் காலை அக்காவே கடைக்கதவைத் திறந்தார். எங்கள் பஜாரில் ஒரு வழக்கம் உண்டு: தாலியறுத்தவள் கையால் முதல் போணி ஆகக்கூடாது. கடைகளின் வாசலில் ஆண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்களே தவிர, ஒருவரும் உள்ளே போகவில்லை. அப்போதுதான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் முத்தம்மா வந்தார். மகள் கல்யாணத்துக்கு மஞ்சள் வாங்க வந்திருந்தார்.

"கல்யாணச் சாமானா? கொஞ்சம் பொறும்மா, ஆம்பளைங்க யாராச்சும் வந்து எடை போடுவாங்க" என்றார் அக்காவின் மச்சினர்.

"எம் மவளுக்கு யாரு கையால மஞ்ச வாங்கணும்னு எனக்குத் தெரியும். நீங்க போடுங்கக்கா."

அக்கா மஞ்சளை அள்ளித் தட்டில் போட்டார். முள் இப்படியும் அப்படியும் ஆடித் தீர்த்தது. அழுதுவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். அது மெல்ல மெல்ல அடங்கி நடுவில் நின்றது. "நின்னுருச்சு" என்று மஞ்சளைப் பொட்டலம் கட்டினார். பிறகொரு நாள் என்னிடம் சொன்னார்: "அந்த நேரத்துல அவரும் ஞாபகத்துல இல்ல, ஊரும் இல்ல. முள்ளு மட்டுந்தான் இருந்துச்சு. அம்புட்டு நிம்மதி தம்பி."

என் மனைவி கமலா இறந்தபோது அந்த நிம்மதி என் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. தலைமையாசிரியர் ஒருவரின் சட்டைக்கு இரண்டு இடது கை தைத்து வைத்தேன். அதைவிடப் பெரிய வேதனை அலமாரியில் இருந்தது. தீபாவளிக்கென்று கமலா எடுத்து வந்த மாம்பழ மஞ்சள் ரவிக்கைத் துணி. "ஊருக்கெல்லாம் தச்சிட்டு எனக்குத்தான் கடைசி" என்று திட்டிக்கொண்டே வைத்தாள். டெய்லர் பெண்டாட்டியின் தலைவிதி அது. நானும் நாளைக்கு, நாளைக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகு அதை வெட்டவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை.

அக்கா வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"இப்ப கையில என்னா இருக்கு தம்பி?"

"கத்திரிக்கோல்."

"காலு?"

"தரையில."

"மூச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வருது, போகுதுக்கா."

"இப்பத்திக்கு அது போதும். அழுகை வந்தா அழுங்க. அப்ப வெட்டாதீங்க. முள்ளு நின்னதும் வெட்டுங்க."

அன்றிலிருந்து துணியில் கத்திரி வைக்கும் முன் காலையும் மூச்சையும் ஒருமுறை கவனிப்பேன். துக்கம் எங்கும் ஓடிவிடவில்லை. ஆனால் கை என்னிடம் திரும்பி வந்தது. மஞ்சள் துணி மட்டும் அப்படியே கிடந்தது. அக்கா எப்போதாவது விசாரிப்பார்.

"மஞ்சத் துணி?"

"இன்னும் ஆடுதுக்கா."

"ஆடட்டும்."

செய்தி வந்த அன்று, அக்காவின் மருமகள் செல்வி வெள்ளைத் துணியோடு என் கடைக்கு வந்தாள். "அத்தைய மலர்ச்சாலைக்குக் கொண்டாராங்க அண்ணே. ஒரு ரவிக்கை தச்சுக் குடுங்க" என்றாள். நான் அலமாரியைப் பார்த்தேன். "இதுல தைக்கட்டுமா?" என்று மஞ்சள் துணியை எடுத்து நீட்டினேன். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தொட்டுப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள்.

துணியை மேசையில் விரித்தேன். கையில் கத்திரிக்கோல், தரையில் கால், மூச்சு வந்து போனது. அழுகையும் வந்தது, அழுதேன், வெட்டவில்லை. ஓய்ந்ததும் வெட்டினேன். அக்காவின் அளவு எனக்கு மனப்பாடம். ஒரு தையல்கூடப் பிசகவில்லை.

உடலை அலங்கரித்து வைத்திருந்த மலர்ச்சாலையில் அக்காவின் மச்சினர் முகம் சுளித்தார். "அறுத்தவளுக்கு மஞ்சளா?"

முத்தம்மா முன்னால் வந்தார். "அவங்க எடை போட்டுக் குடுத்த மஞ்சதான் எம் மவ தாலியில ஏறுச்சு. அவ இன்னிக்கு ரெண்டு புள்ளையோட நல்லா இருக்கா. அவங்களுக்கா மஞ்ச ஆகாது?"

மச்சினர் ஒதுங்கி வழிவிட்டார். பஜார் முழுக்கக் கடைக்கதவை இறக்கிவிட்டுத் தெருவில் நிற்க, மாம்பழ மஞ்சளில் ராஜாத்தி மாதிரி போனார் எங்கள் அக்கா. கமலாவும் கூடப் போவதுபோல் இருந்தது எனக்கு. இத்தனை காலத்துக்குப் பிறகு, அழுகையோடு சந்தோஷமும் வந்தது.

கருமாதி முடிந்து, போன வாரம் அக்காவின் கடையைத் திறந்தார்கள். முதல் போணி செல்வியின் கையால், வாங்கியவன் நான். அக்காவின் மகன் புதிதாக வாங்கிய எலெக்ட்ரிக் தராசில் சீனி ஏறியது. எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பையை எடுக்க நான் கையை நீட்டினேன்.

"அண்ணே, முள்ளு நிக்கட்டும்" என்றாள் செல்வி.

அந்தத் தராசில் முள்ளே கிடையாது. அக்கா சொல்லிக் கொடுத்து நான் மனசுக்குள் வைத்துக்கொண்டதும் அந்த முள் ஒன்றைத்தான். கையை எடுத்துக்கொண்டு நின்றேன்.