அந்த ஓட்டையை அடைக்காதீங்க!

சுடுதண்ணி மிஷின் மாட்டுற தொழில்ல மிஷினை மாட்டுறது சின்ன வேலை. சுவத்துல ஒரு ஓட்டை போட விடுங்கன்னு வீட்டுக்காரங்ககிட்ட மன்றாடுறதுதான் பெரிய வேலை. அடுத்தவங்க பாத்ரூம்ல குந்திக்கிட்டு வேலை பாக்குற பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் ஒட்டுறவங்க எல்லாருக்கும் என் வயித்தெரிச்சல் புரியும். உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லி அழுவுறது?

நான் புதுச்சேரியில மாட்டுறது கேஸ் கீசர். டேங்க் கிடையாது. குழாயைத் திறந்தா உள்ள நெருப்பு பத்திக்கும், மூடினா அணைஞ்சிடும். அந்த நெருப்புக்குக் காத்து வேணும். பாத்ரூமை நாலாபக்கமும் அடைச்சு வச்சா, இருக்குற காத்தைத் தின்னுட்டு விஷப்புகையைக் கக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் வராது. தாழ்ப்பா போட்டுக்கிட்டுக் குளிக்கிற ஆளுக்குத் தலை சுத்தும், கத்தக்கூடத் தெம்பிருக்காது. முடிஞ்சது கதை. அதனால முதல்ல வெளிச்சுவத்துல மாட்டலாம்னுதான் சொல்லுவேன். "வெளியில வச்சா எவனாவது கழட்டிக்கிட்டுப் பூடுவான்"ம்பாங்க. சரி, உள்ளதான் வேணும்னா புகை போக வெளியில நீட்டின ஒரு குழாய், காத்து வர மேலயும் கீழயும் ஓட்டை. அங்கதான் சண்டையே ஆரம்பிக்கும்.

குபேர மூலை

முத்தியால்பேட்டையில ஒரு புது வீடு. பாத்ரூம்ல முகம் பாத்துத் தலை சீவலாம், அப்படி ஒரு டைல்ஸ். ஜன்னல் மட்டும் கிடையாது! நான் டிரில்லை எடுத்ததுதான் தாமதம், வீட்டுக்காரர் ஓடி வந்து சுவத்துக்கு முன்னால ரெண்டு கையையும் விரிச்சு நின்னுட்டாரு. வாஸ்துக்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாரு. அது குபேர மூலையாம், அதுல ஓட்டை விழவே கூடாதாம். குபேர மூலையில கக்கூஸ் கட்டலாம், காத்து மட்டும் வரக்கூடாது! என்னா நியாயம் இது?

மத்த சுவரைப் பாத்தேன். ஒரு பக்கம் படுக்கை ரூம், ஒரு பக்கம் சாமி ரூம், இன்னொண்ணு பக்கத்து வீட்டு சுவரு. வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்கு சார், விளையாடாதீங்கன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். அவரு அசையவே இல்லை. கடைசியா எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி தோள்ல தட்டிச் சொன்னாரு: "ஓட்டை போட்டா வீட்ல இருக்குற காசெல்லாம் வெளிய பூடும்ங்க. புகைதானே, அது பாட்டுக்கு உள்ளயே இருந்துட்டுப் போவட்டும்."

முதலாளி கேட்ட கேள்வி

மிஷினை மாட்ட முடியாதுன்னுட்டு அப்படியே பெட்டியைத் தூக்கிக்கிட்டு கடைக்கு வந்துட்டேன். எனக்கு முன்னாடி அந்த வீட்டுக்காரரோட போன் வந்துடுச்சு. முதலாளி மூஞ்சி கடுகடுன்னு இருக்கு. "மத்தவன் எல்லாம் போனமா, மாட்டினமா, டீ குடிச்சமான்னு வர்றான். உனக்கு மட்டும் எங்க இருந்துடா வருது இந்த ஓட்டை?"ன்னு ஆரம்பிச்சாரு. செத்துப் போனா யாரு பொறுப்புன்னு நானும் கத்தினேன். கடையில மிஷின் பாக்க வந்திருந்த ஒரு ஜோடி, நைசா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுச்சு. அதைப் பாத்ததும் முதலாளி ரெண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டாரு: "யப்பா, நீ மிஷின் மாட்டப் போறியா, எழவு சேதி சொல்லப் போறியா?"

முசியே வீட்டு மஞ்சள் பெயின்ட்

டவுன்ல ஒரு பெரியவர். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு அந்த ஊர் பென்ஷன்ல இருக்காரு. தெருவே அவரை பிரெஞ்சுல ஐயாங்கிற மாதிரி முசியேன்னுதான் கூப்பிடும். சுடுதண்ணி மிஷினுக்கு அவர் வாயில ஷோஃபோன்னுதான் வரும். ஓட்டை போடணும்னு சொன்னதும் "பியான், பியான், போடு"ன்னு உடனே சரின்னுட்டாரு. எனக்கு அப்படியே மனசு குளிர்ந்துபோச்சு. அங்க வாழ்ந்தவரு, விஷயம் தெரிஞ்சவருன்னு போற இடமெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அப்புறம் ஒருநாள் சர்வீஸுக்குப் போனா ரெண்டு ஓட்டையையும் காணோம்! சிமென்ட் வச்சுப் பூசி, மேல மஞ்சள் பெயின்ட் வேற. பல்லி வருதாம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கேக்காமலே உளியை எடுத்துத் திறந்தேன். திறந்துக்கிட்டே, "முசியே, பிரான்ஸ்ல உங்க பொண்ணு வீட்லயும் இப்படித்தான் பூசி வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். அவரு கொஞ்சம்கூட கூச்சப்படாம சிரிச்சாரு: "அங்க ஆள் வந்து செக் பண்ணுவான்ப்பா, அடைச்சா விடமாட்டான். இங்க யாரு கேக்கப் போறா, நீதானே?"

ஃபிளெக்ஸ்ல சிரிச்ச மாமா

என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத ஒரே ஆளு வீராம்பட்டினம் செல்விக்காதான். பெரிய மார்க்கெட்ல மீன் விக்கிறவங்க. திரும்பி வந்ததும் மேல் வலிக்கு நல்லா சுடச்சுட ஊத்திக்கணும்னு மிஷின் வாங்கினாங்க. "உனக்குத் தெரியாததா தம்பி, போடு"ன்னுட்டாங்க. மேலயும் கீழயும் ஓட்டையை அழகா போட்டுட்டு வந்தேன்.

ஆடி மாசத் தேர் அன்னிக்குக் காலையில போன். எடுத்தா ஒரே அழுகை. திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் குளிச்சிருக்காங்க. கடைசியா போனது செல்விக்கா மவ கவிதா, காலேஜ் படிக்கிற பொண்ணு. தண்ணி கொட்டுற சத்தம் கேக்குது, கூப்பிட்டா பதிலைக் காணோம். கதவை உடைச்சா தரையில கிடக்குது.

நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. செல்விக்காவோட தம்பி, கவிதாவுக்குத் தாய்மாமா, வாசல்லயே என் சட்டையைக் கொத்தாப் பிடிச்சுட்டாரு. "உன் மிஷின்தாண்டா எங்க புள்ளைய சாவடிக்கப் பாத்துச்சு!"ன்னு தரதரன்னு பாத்ரூமுக்கு இழுத்துக்கிட்டுப் போறாரு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது தாயேன்னு அம்மனை வேண்டிக்கிட்டே உள்ள போறேன்.

ரெண்டு ஓட்டையிலயும் திருவிழா ஃபிளெக்ஸை வெட்டி ஆணி அடிச்சிருக்கு! கீழ இருந்த துண்டுல "வருக வருக". மேல இருந்த துண்டுல கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு சிரிக்கிறது யாரு? என் சட்டையைப் பிடிச்சிருக்காரே, அதே மாமாதான். அந்த நேரம் பாத்து ஆஸ்பத்திரியில இருந்து போன். கவிதா கண்ணு முழிச்சிட்டாளாம். நான் அப்படியே ஈரத் தரையில உக்காந்து அழுதுட்டேன். மாமா சட்டையை விட்டாரு, குரலை மட்டும் விடல: "சந்துல ஜனம் போவுது, வருது. பொம்பளைங்க குளிக்கிற எடம் தம்பி. எங்களுக்கு மானம் பெருசா, உன் ஓட்டை பெருசா?"

கவிதா சொன்னது

அந்தப் புள்ள வீட்டுக்கு வந்ததும் செல்விக்கா கூப்பிட்டு அனுப்பினாங்க. கூலியே வேணாம்க்கா, மிஷினை வெளிச்சுவத்துக்கு மாத்திடறேன்னேன். அங்க ஆணியடிக்கும்போது மாமா மறுபடியும் வந்துட்டாரு. வெளியில வச்சா உப்புக்காத்துல துருப்பிடிக்கும், எவனாவது தூக்கிக்கிட்டுப் போவான், இவன் நம்மள ஏமாத்துறான்னு ஒரே பாட்டு. இவ்ளோ நடந்தும் இந்த மனுஷனுக்கு உறைக்கலையேன்னு எனக்கு எரியுது. சுத்தியலைக் கீழ வச்சுட்டு, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேக்கலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள கவிதா முந்திக்கிட்டா. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, முகமெல்லாம் இன்னும் வெளுத்துக் கிடக்கு. குரல்ல மட்டும் நடுக்கமே இல்லை: "வெளிய இருந்தா மிஷின்தான் மாமா போவும். உள்ள இருந்தா நான் போயிடுவேன்."

இத்தனை வருஷத் தொழில்ல நான் கத்துக்கிட்டது இவ்ளோதான்: நம்ம ஊர்ல காத்து வர ஒரு ஓட்டை போட விடணும்னா, அதுக்கு முன்னாடி அந்த வீட்ல யாராவது ஒருத்தர் மூச்சுத் திணறி விழுந்து எழுந்திருக்கணும்.