அவளுடைய ஆறு மணிப் பாடு

மூன்று அட்டை, அட்டைக்குப் பத்து, மொத்தம் முப்பது மாத்திரை. வாங்கி வந்த தேதியை டைரியில் எழுதி வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. முப்பது நாளில் தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரையில், ஒரு முழு அட்டையும் இன்னொன்றில் நான்கும் அப்படியே இருந்தன.

மாத்திரை என் மனைவிக்கு. அவளுக்கு நாற்பத்தாறு வயது, எனக்கு ஐம்பத்தொன்று. அதற்கு ஏழு வாரத்துக்கு முன்னால், கூடையோடு படகிலிருந்து இறங்கும்போது பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றாள். அப்போது காலை ஏழு மணி. மறுநாள் ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் கையில் பட்டையைக் கட்டி ஒருமுறை பார்த்தார், கழற்றி மறுபடியும் கட்டிப் பார்த்தார். பிரஷர். டாக்டர் சொன்னது நான்கு விஷயம். காலையில் பட்டினி கிடக்கக் கூடாது. சாப்பிட்டதும் தினமும் ஒரு மாத்திரை. அரை மணி நேரம் நடக்க வேண்டும். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்க வேண்டும். "இப்படியே விட்டா ஒரு நாள் கை கால் இழுத்துக்கும்மா" என்றார்.

அதை எங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. என் மனைவி லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி. அங்கே அவளுடைய அக்கா ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கிறாள்.

நான் இருபத்துமூன்று வருடமாக டைரி எழுதுகிறேன். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் ஏற்றமா வற்றமா, எந்த வலை, என்ன பட்டது எல்லாம் அதில் இருக்கும். மாத்திரை விஷயத்தையும் அதே ஒழுங்கோடுதான் கேட்டேன்.

"இன்னாமே, மாத்திர மிச்சம் கீது?"

"கீது. இருக்காதா பின்ன?"

"நாள் கணக்குக்குத் தீந்து பதினெட்டு நாள் ஆவுது."

"பாட்டு நாளைக்கெல்லாம் போட்டுக்கினுதான கீறேன்."

பாட்டு நாள் என்றால் பாடு வரும் நாள், பாடு என்றால் முறை. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் சில மட்டுமே. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் சீட்டுப் போட்டு, குடும்பத்துக்குக் குடும்பம் முறை வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு மூன்று நாளைக்கு ஒரு பாடு. அன்றைக்கு அந்த இடத்தில் வேறு எவனும் வலை இறக்கக் கூடாது. அன்று நாம் போகாவிட்டால் அந்தப் பாடு போனதுதான், நாளைக்கு என்று தள்ளி வாங்க முடியாது. மற்ற நாட்களில் மடவை மீனுக்கோ நண்டுக்கோ போவோம்.

நாற்பத்தெட்டு நாளில் பதினாறு பாடு. பதினாறு மாத்திரை. கணக்கு சரியாக இருந்தது.

"தெனமும் போடணும்னுதான சொன்னாரு?"

"வேலை கீற நாளைக்குப் போடறேன். வேலை இல்லாத நாளைக்கு இன்னாத்துக்கு? சும்மா கெடக்கிற படகுக்கு எவனாச்சும் டீசல் ஊத்துவானா?"

பாடு இல்லாத நாள் அவளுக்கு ஓய்வு நாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஆகவே அப்படிப்பட்ட ஒரு நாளை எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். நண்டு வலையில் கிழிசல் இருந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன், டைரி பக்கத்தில். அவள் எழுந்தது நான்கு நாற்பதுக்கு. குழாயடிக்கு ஐந்து நடை. வாசல், அடுப்பு, எனக்கு டீ. மீஞ்சூருக்கு வேலைக்குப் போகும் மகளுக்குச் சோறு கட்டி, முதல் படகில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது ஆறரை. அதன்பின் முந்தின நாள் மீன் கழுவிய பாத்திரங்கள், உப்பில் கிடந்த மீனை எடுத்துக் காயப் போடுவது, காக்கை விரட்டுவது, அதற்கு நடுவில் துணி. பக்கத்துக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றார்கள், அங்கே கால் மணி நேரம். பத்தேமுக்காலுக்குத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாயா உத்து உத்துப் பாக்கிற? பொண்ணு பாக்க வந்தவனாட்டம்?"

"வலை பின்றேன்."

"வலை அங்க கீது, கண்ணு இங்க கீது."

அன்று அவள் வாயில் முதல் கவளம் போனது பதினொன்று இருபதுக்கு. பழைய சோறு. நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

மாலையில் எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கையைத் தண்ணீரில் வைத்தபடியே கேட்டாள். முடித்ததும், "இதெல்லாம் வேலையா? இது வூட்ல நடக்கிறது" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அவளுக்கு ஒரு பாடு கொடுக்க வேண்டும். தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரை. மகளைப் படகில் ஏற்றுவது என் பொறுப்பு. அந்த ஒரு மணி நேரத்துக்குள் வேறு எந்த வேலையும் இறங்கக் கூடாது. எடுக்காவிட்டால் போனதுதான்.

"ஊர்ப் பெரியவங்க ஒத்துக்கினாங்களா?" என்றாள்.

"நான் ஒத்துக்கினேன்."

"பெரிய ஆளுதான்."

படகுத்துறையிலிருந்து சவுக்குத் தோப்பு வரை என் காலடிக்கு அறுநூற்று நாற்பது. போக வர மூன்று தடவை போதும் என்று அளந்து சொன்னேன். முதல் நாள், செருப்பை மாட்டிக்கொண்டு படியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கை தானாகத் துடைப்பத்துக்குப் போனது. நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் முறைத்தாள். நான் பெருக்க ஆரம்பித்தேன். எதிர்வீட்டில் இருக்கும் என் அண்ணி பார்த்துவிட்டாள்.

"இன்னா கொழுந்தனாரே, எங்க ஓரகத்தி வேலைக்கு ஆளு வெச்சுக்கினாளா? நாளைக்கு எங்க வாசலுக்கும் வந்துட்டுப் போ."

பிறகு இவளைப் பார்த்து, "நீ எங்கடி கெளம்பிட்ட, எந்த பஸ்ஸப் புடிக்க?" என்றாள். எங்கள் தீவில் பஸ் ஏது.

"நடக்கிறேங்கா."

"எங்க?"

"சவுக்கத் தோப்பு வரைக்கும்."

"அங்க இன்னா கீது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத எடத்துக்கு எவளாச்சும் போவாளா?"

என் மனைவி நின்று யோசித்தாள். "அதாங்கா எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் போனாள். மறுநாளும் போனாள். நான் கேழ்வரகுக் கூழ் காய்ச்சக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் கட்டி தட்டியது. "கூழா, கூழாங்கல்லா?" என்று கேட்டுக்கொண்டே குடித்தாள். ஏழேகாலுக்குக் கூழ், அதன்மேல் மாத்திரை. கருவாட்டைத்தான் விட முடியவில்லை. சோற்றுக்கு அடியில் ஒரு துண்டை ஒளித்து வைத்துத் தின்றதை இரண்டு முறை பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன்.

நடை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி அரை மணி நேரம் தோப்பில் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. டைரியில் எழுத வேண்டுமே, கேட்டேன்.

"உன் பாட்டுல இன்னா பட்டுதுன்னு எல்லாருக்கும் சொல்லிக்கினா வர்ற? இது என் பாடு. நீ எழுதாத."

எழுதவில்லை. போன நேரமும் வந்த நேரமும் மட்டும் எழுதினேன்.

மூன்று வாரம் இப்படி ஒழுங்காகப் போயிற்று. பாட்டு நாட்களிலும் இறால் சுமாராகத்தான் பட்டது. நானே கரையில் உட்கார்ந்து ஒருவாறு பிரித்து முடித்துவிடுவேன். பிறகு நல்ல மழை பெய்தது. மழைக்குப் பின் வந்த பாட்டில் வெள்ளை இறால் அள்ளிக் கொடுத்தது. விடிவதற்கு முன்பே வலையைத் தூக்கிப் படகில் கொட்டி, ஐந்து ஐம்பதுக்குத் துறைக்கு வந்தேன். அவள் அப்போதுதான் நடக்கக் கிளம்பி அங்கே வந்திருந்தாள். படகு தண்ணீரில் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"நீ போமே" என்றேன்.

"இவ்ளோ எறாவ வெச்சுக்கினு நடக்கப் போவணுமா? பைத்தியமா உனக்கு? ஏழரைக்கு அந்தாண்ட ஏலம்."

"உட்டா போனதுதான்."

"ஒரு நாளு."

"உங்கக்காவும் ஒரு நாளு, ஒரு நாளுன்னுதான் கெடந்தா."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தோப்பைப் பார்த்து நடந்தாள்.

நான் பிரிக்க உட்கார்ந்தேன். பெரிசு, நடுத்தரம், சின்னது என்று மூன்று கூடை. கொஞ்சமாக இருக்கும்போது சுலபமாகத் தெரிந்த வேலை இது. குவியலாகக் கிடக்கும்போது எல்லா இறாலும் ஒரே அளவாகத் தெரிந்தது. ஏழு ஐந்துக்கு அவள் திரும்பியபோது நான் பாதி கூட முடிக்கவில்லை. அவள் கண் சிவந்திருந்தது. உட்கார்ந்து மீதியைப் பிரித்தாள், அவள் கை போகும் வேகத்தில் என்னால் இறாலைப் பார்க்கக்கூட முடியவில்லை. நான் பிரித்து வைத்ததைத் திருத்த நேரமில்லை. கூடைகளை ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு ஓடினோம். வியாபாரி என் கூடையைக் கவிழ்த்துக் கிளறினான். "இன்னா அண்ணே, தாயும் புள்ளையும் ஒரே கூடையில கீது?" என்று கேட்டு, எல்லாவற்றையும் சின்ன இறால் விலைக்கே எடுத்துக்கொண்டான். என் மனைவி அன்று சாப்பிட்டது பத்து நாற்பதுக்கு. மாத்திரையும் அப்போதுதான்.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் கிளம்பவில்லை. அடுப்படியில் இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா பேச்ச எடுத்திருக்கக் கூடாது."

"உண்மையத்தான சொன்ன."

"அப்ப ஏன் போவல?"

விறகைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. களைப்பாக இருந்தது.

"நீ நேரம் குடுக்கிற, சரி. அந்த நேரத்துல கீற வேலை எங்கயா போவும்? எங்கயும் போவாது. நான் வர வரைக்கும் குந்திக்கினு கெடக்கும். திரும்பி வந்து ரெட்டையா செய்றேன். தோப்புல ஒக்காந்துக்கினு அதையேதான் நெனச்சிக்கினு கீறேன். அதுக்கு நடக்காமயே இருந்துட்டுப் போலாம்."

தோப்பில் அரை மணி நேரம் என்ன செய்தாள் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. நேரத்தைக் குறித்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். என்னுடைய பாட்டுக்கு நான் தண்ணீரில் இறங்கும்போது, கரையில் என் வேலை எதுவும் காத்துக் கிடப்பதில்லை. அதை அவள் செய்து முடித்திருப்பாள்.

அன்றும் அதற்கு அடுத்த நாளும் டைரியில் அவள் பெயருக்கு நேராக எழுத ஒன்றுமில்லை. மகள் மட்டும், "இன்னா நைனா, அம்மா வாக்கிங் போவலியா?" என்று கேட்டாள். "அம்மாவக் கேளு" என்றேன். அவள் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் பாடு. மறுபடியும் நல்ல இறால். நான் துறைக்கு வந்தபோது மணி ஆறாக ஐந்து நிமிடம் இருந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள், மூன்று கூடையையும் முன்னால் வைத்துக்கொண்டு. நடை அவ்வளவுதான் என்று நினைத்தேன். படகைக் கட்டிவிட்டு இறாலைக் கொட்டினேன். அவள் அதைத் தொடவில்லை.

"குந்து" என்றாள். உட்கார்ந்தேன். "கைய நீட்டு."

நீட்டினேன். ஒரு இறாலை எடுத்து என் உள்ளங்கையில் நீளமாக வைத்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் என் கையை இப்படி விரித்துப் பிடித்தது இல்லை.

"தல உன் நடுவெரல் நுனியில. வாலு மணிக்கட்டத் தொடுதா? பெரிசு. உள்ளங்கை நடுவுல நின்னுடுச்சா? நடுத்தரம். வெரலோடயே நின்னுடுச்சுன்னா சின்னது. கண்ணால பாக்காத. உன் கண்ணுக்கு இன்னும் பழக்கமில்ல, ஏமாத்தும். கையால பாரு."

"நீ கையில வெச்சுப் பாக்கறதே இல்லியே."

"நான் பத்து வயசுல இருந்து பிரிக்கிறேன். நீ இன்னைக்குத்தான் ஸ்கூலுக்கு வந்துகீற."

இருபது இறால் பிரித்தேன். அவள் மூன்றைத் திருப்பிப் போட்டாள். அடுத்த இருபதில் ஒன்று. அதற்கடுத்த இருபதில் ஒன்றையும் தொடவில்லை. என் கை மெதுவாகத்தான் போனது. ஆனால் தப்பு வரவில்லை.

"ஏலத்துக்கு லேட்டானா?" என்று கேட்டேன்.

"லேட்டானா லேட்டு. ஒழுங்கா கீற எறாவ எவனும் வேணான்னு சொல்ல மாட்டான்."

எழுந்து ஏரித் தண்ணீரில் கையைக் கழுவினாள். கூழ் குடித்துவிட்டதாகவும் மாத்திரை போட்டுக்கொண்டதாகவும், நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். கூழ் யார் காய்ச்சியது என்று கேட்டேன். "நான்தான். கட்டி இல்லாம" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு பத்தடி போனவள் நின்று திரும்பினாள்.

"தண்ணி தெளிச்சுக்கினே பிரிய்யா. காஞ்சுடப் போவுது."

தெளித்தேன். அவள் தோப்புப் பக்கம் நடந்தாள்.